திருப்பிக் கொடுக்கிறவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எழுத்து சின்னதாக இருக்கிறது, தாள் மினுங்குகிறது என்று நாலு பிழை கண்டுபிடித்துக்கொண்டு வருவார். கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் அவரை 'றிட்டேன் அண்ணை' என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. லிஃப்டிலிருந்து அவர் இறங்கிக் கதவு மூடிய பிறகு.

நான் அவரை முதன்முதலில் கண்டதும் ஒரு பெரிய கடையில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் றிட்டேன் வரிசையில்தான். குளிருக்கு வாங்கிய சப்பாத்து எனக்குச் சின்னதாய்ப் போய்விட்டது. மனைவி பில்லையும் பெட்டியையும் கையில் தந்து, "இண்டைக்கு மாத்தாமல் வீட்டை வரவேண்டாம்" என்று அனுப்பியிருந்தாள். வரிசை நகர நகர எனக்கு ஒரே யோசனை. கவுண்டரில் நின்ற பிள்ளை ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நீங்கள் விற்ற பொருள் சரியில்லை என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு அப்போதெல்லாம் நா எழாது. என்னுடைய முறை வந்தபோது பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினேன். பின்னால் நின்றவர் தமிழில் கேட்டார்.

"ஏன் தம்பி போறீர்?"

"பரவாயில்லை அண்ணை. போடப்போட இளகும்."

அவர் என் காலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"கால் இளகும். சப்பாத்து இளகாது. தாரும் இஞ்சாலை."

என்னிடமிருந்து பெட்டியை வாங்கி, தன்னுடைய குடையோடு சேர்த்துக் கவுண்டரில் வைத்தார். சப்பாத்து இரண்டு நிமிடத்தில் முடிந்தது. குடைக்குத்தான் நேரம் எடுத்தது. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது பில் மட்டும். அவர் குடையை விரித்து, எந்தக் கம்பி எந்த இடத்தில் வளைகிறது, காற்று எந்தப் பக்கத்தால் அடித்தால் தலைகீழாய்ப் போகிறது என்று தன்னுடைய ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். பிள்ளை தலையை ஆட்டியபடியே காசைத் திருப்பிக் கொடுத்தது. அவர் காசை எண்ணாமல் பைக்குள் வைத்துவிட்டு, "நீ உங்கடை ஆக்களுக்கு இந்தக் குறையைச் சொல்லுவியோ?" என்று கேட்டார். அது அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கு முகம் தொங்கிப்போனது.

இந்த ஊரில் புதுச்சட்டையைக் கலியாணத்துக்குப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கிற ஆட்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர் அந்த வகை இல்லை. சரியான பொருளை அவர் ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. அவருடைய வீட்டு றேடியோ நான் கனடாவுக்கு வருவதற்கு முன்பே வாங்கியது. ஆனால் சரியில்லாத ஒன்றைச் சரி என்று சொல்ல அவரால் முடியாது. அவ்வளவுதான் அவர்.

இதனால் அவருக்கு வந்த கரைச்சல்கள் கொஞ்சமல்ல. ஒருமுறை எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு குடும்பம் விட்பியில் புதுவீடு வாங்கிப் பால் காய்ச்சியது. வந்த சனம் எல்லாம் மாடிக்கு ஏறி இறங்கி, "சோக்கான வீடு, சோக்கான வீடு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. அவர் முன்வாசலில் கோட்டைக் கொழுவப் போனவர், அலுமாரிக் கதவைத் திறந்தார். அது கீழ்த்தளத்துக்குப் போகும் கதவோடு இடித்து நின்றது. மூடினார். பிறகு கீழ்த்தளக் கதவைத் திறந்து பார்த்தார். அது அலுமாரியின் பிடியில் இடித்தது.

"ரெண்டும் ஒண்டையொண்டு விடாது போலை. கீழை ஆரும் இறங்கேக்கை மேலை ஆரும் கோட்டு எடுக்கேலாது" என்றார்.

வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "உதெல்லாம் பெரிய பிரச்சினையே அண்ணை, வாங்கோ சாப்பிடுவம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிறகு அந்த வீட்டில் நடந்த பிறந்தநாளுக்கு அவருக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் மற்றவர்களும் அவருக்குச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் குறை சொன்னதெல்லாம் சாமான்களைத்தான். மனிதரைக் குறைசொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் இரண்டு பேர் மூன்றாமவர் ஒருவரை வறுத்தெடுத்துக்கொண்டு நின்றார்கள். அவரையும் இழுத்தார்கள். "நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை?"

"மனிசரைத் திருப்பிக் குடுக்கேலாது. பிறகென்னத்துக்குக் கதைச்சு?" என்று சொல்லிவிட்டு, தோய்க்கும் மெஷினின் கதவை நாலு தரம் திறந்து மூடிப் பார்த்தார். அதன் றப்பர் கழன்றிருந்தது.

நான் அவருக்கு நேர் எதிர். எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்பேன். தேத்தண்ணி ஆறியிருந்தாலும் பரவாயில்லை. தலைமயிர் வெட்டுகிறவர் ஒரு பக்கத்தைக் கூடுதலாய் வெட்டிவிட்டாலும் பரவாயில்லை. இப்படிப்பட்ட நான் புரொடக்ட் டிசைன் படிக்கப் போனேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

விரும்பிப் போகவில்லை. நான் வேலை செய்த பிளாஸ்ரிக் பக்டரியை மூடிவிட்டார்கள். பாடசாலைகளைத் துப்புரவாய் வைத்துப் பராமரிக்கும் வேலை ஒன்று இருந்தது. நல்ல வேலை, நிரந்தரமானது. விண்ணப்பித்தேன். எடுக்கிறோம், ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும், கோடைக்குள் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார்கள். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஏற்கெனவே பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் மெல்ல மெல்ல பாடங்களை முடித்துக்கொண்டு வந்தேன். மிச்சம் ஒரேயொரு பாடம் இருந்தது. எனக்கு ஒத்துவரக்கூடிய நேரத்தில் இடமிருந்த ஒரே வகுப்பு புரொடக்ட் டிசைன். அதில் தவறினால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போகும்.

டிசைன் என்றால் வடிவாய்க் கீறுவது என்று நினைத்துக்கொண்டு ஒரு பெட்டி கலர்ப்பென்சிலோடு போனேன். ஆசிரியை என்னைவிட இளையவர். முதல்நாளே சொன்னார், உங்களைச் சுற்றி யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றோடு கஷ்டப்படுவார், அதைப் போய்ப் பாருங்கள், பேசாமல் பாருங்கள், அதற்கு ஒரு பொருளைச் செய்யுங்கள், செய்ததை ஆட்களிடம் கொடுத்துப் பாவிக்கவிட்டு, வருகிற குறைகளை வைத்துத் திரும்பவும் செய்யுங்கள் என்று. பேசாமல் பார்ப்பது எனக்குச் சுகமான காரியம். அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது.

கஷ்டத்தைத் தேடி நான் தூரம் போகவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் சனத்தின் கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். எந்தக் கொண்டாட்டத்துக்கும் வெறுங்கையோடு போகமாட்டோம். முன்சீற்றில் இருக்கும் பெண்ணின் கால்களுக்கு நடுவில் ஒரு சட்டி இருக்கும். சுற்றிவரப் பழைய துவாய். அவள் இரண்டு பாதத்தாலும் அதை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும், "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு வருவாள். என் மனைவியின் வலது கணுக்காலில் ஒரு சுட்ட அடையாளம் இருக்கிறது. நான் சடுதியாய்ப் பிரேக் அடித்த ஒருநாள் சுடச்சுடத் தேங்காய்ப்பால் சொதி ஊற்றுப்பட்ட இடம்.

ஆகவே, காரில் சட்டி கவிழாமல் பிடிக்கும் ஒரு பலகை செய்வதென்று முடிவெடுத்தேன். ஆசிரியைக்கு அந்த யோசனை நன்றாகப் பிடித்தது. நீங்கள் சட்டியைக் கொண்டு போகும் விதத்தைப் பற்றி நான் ஒன்றும் அறியேன், எனக்குக் காட்டுங்கள் என்றார்.

முதல் பலகை ஒரு தடித்த ஒட்டுப்பலகைப் பெட்டி. மேலே வட்டமாய் வெட்டிய ஓட்டை. சட்டியை அதற்குள் இறக்கி டிக்கியில் வைக்கவேண்டியதுதான். அரத்தாள் போட்டு மினுக்கி வைத்தேன். வாழ்க்கையில் நானாக யோசித்துச் செய்த முதல் பொருள் அது. அதைப் பாவித்துப் பார்க்கச் சொல்லி மூன்று குடும்பங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாய்க் கொடுத்தேன். மூன்று பேரும் திருப்பித் தரும்போது ஒன்றையே சொன்னார்கள்.

"நல்லாயிருக்கு."

மனைவியின் தம்பி, என்னுடைய மச்சான், ஒரு படி மேலே போய், "மச்சான், உதைச் செய்து வித்தியளெண்டால் உங்களைப் பிடிக்கேலாது" என்றார். பெட்டியைக் கழுவித் துடைத்து, புதிது போலத் தந்திருந்தார்.

அண்ணையிடம் மட்டும் நான் கொடுக்கவில்லை. ஒருநாள் லிஃப்டில் பெட்டியோடு நின்றபோது அவர் கண் அதில் விழுந்தது. "உதென்ன?" என்றார். "சும்மா, ஒரு பெட்டி" என்றேன். ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், தன்னுடைய மாடி வந்ததும் மனமில்லாமல் இறங்கினார்.

மூன்று பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஆசிரியை வாசித்தார். பக்கத்தைப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார்.

குறைகள் எங்கே என்று கேட்டார்.

ஒருவரும் குறை சொல்லவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் என்னைப் பாவமாய்ப் பார்த்தார். குறை இல்லையென்றால் யாரும் பாவிக்கவில்லை, அல்லது பாவித்தவர்கள் உங்களிடம் சொல்லவில்லை, இரண்டில் எதுவென்றாலும் இதற்கு என்னால் புள்ளி போட முடியாது, குறைகளோடு வாருங்கள் என்று தாள்களை என்னிடமே திருப்பித் தந்தார். பள்ளிக்கூடம் முடிய அதிக வாரங்கள் இருக்கவில்லை.

அன்று மச்சான்தான் என்னை ஏற்றிக்கொண்டு போக வந்தார். காரில் ஏறியதும் ஒரு மணம். கணவாய்க் கறி மணம். புதுக்கறி மணமல்ல, கறி புளித்துப்போன மணம். கண்ணாடியை இறக்கினேன். அவர் தன் பக்கத்தையும் இறக்கினார்.

"என்ன மச்சான் மணக்குது?"

"ஒண்டுமில்லை."

"கணவாய் மணமெல்லே?"

மக்கோவன் ரோட் சிக்னலுக்குக் கார் வந்தது. சிவப்பு விழுந்த பிறகுதான் சொன்னார். "உங்கடை பெட்டி நல்ல பெட்டி மச்சான். சட்டி பெட்டியை விட்டு அசையேல்லை. பெட்டிதான் சட்டியோடை சேர்ந்து கவிண்டு போச்சுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? இந்த வயசிலை வேலையும் இல்லாமல் படிக்கப் போறியள். உங்கடை தங்கச்சி எனக்குச் சொன்னவள், ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ, மனிசன் நொந்துபோவார் எண்டு."

என்னுடைய தங்கையைத்தான் அவர் கட்டியிருக்கிறார். மற்ற இரண்டு வீட்டையும் பிறகு விசாரித்தேன். ஒரு வீட்டில் சட்டியின் காது ஓட்டைக்குள் இறங்கவேயில்லை. பெட்டியைக் கராஜுக்குள் வைத்துவிட்டு, வழக்கம்போல் காலுக்கு நடுவில் கறியைக் கொண்டு போயிருக்கிறார்கள். மற்ற வீட்டில் சூட்டோடு சட்டியை வெளியில் எடுக்க விரல் நுழைக்க இடமில்லாமல், கறியைப் பெட்டியோடு மேசையில் வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். எல்லாரும் என் மேல் அன்பு வைத்தவர்கள். அந்த அன்பு என்னைப் பாடத்தில் தவறவிடப் பார்த்தது.

அடுத்தநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணையின் கதவைத் தட்டினேன். நானாக ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது அபூர்வம். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். விசயத்தைச் சொன்னதும் அந்த அக்கா சிரித்தார்.

"தம்பி, யோசிச்சுத்தான் வந்தனீரோ? என்னைக் கட்டின நாளிலை இருந்து என்ரை சமையலை நல்லதெண்டு இவர் ஒருநாளும் சொன்னதில்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா சாப்பாட்டுக் கோப்பையிலை ஒரு பருக்கை மிச்சம் விட்டதுமில்லை" என்றார்.

அவர் பெட்டியை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோசம். யாருமே அவரிடம் குறை கேட்டு வந்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டு நாள் கழித்து, கடையில் நிற்பது போலவே பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றார். எனக்குப் பின்னால் என் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உது சரிவராது."

"சொல்லுங்கோ அண்ணை."

"சட்டிக்குக் காது இருக்கு. உம்மடை ஓட்டையிலை காதுக்கு இடமில்லை. ஓட்டை ஒரு அளவு, எங்கடை வீட்டிலை சட்டி நாலு அளவு. அடியிலை பிடிமானமில்லை, 401 ஹைவேக்கு ஏறுற வளைவிலை பெட்டி டிக்கிக்குள்ளை சறுக்கி விளையாடுது. உயரமும் கூட. உயரம் கூடினால் கவிழத்தான் செய்யும்."

"கறி ஊத்துப்பட்டதோ?"

"நான் விசரனே கறியோடை போக? தண்ணி விட்டுக்கொண்டுதான் போனன். மூண்டு தரம் போனன். மூண்டு தரமும் டிக்கி குளிச்சுது."

உள்ளுக்குள் எனக்கு எதுவோ நொந்தது உண்மை. ஆனால் அவர் போய்க் கதவைச் சாத்திய பிறகு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னதை எல்லாம் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, பெட்டியை எப்படி மாற்றவேண்டும் என்பது தானாகத் தெரிய ஆரம்பித்தது. மூன்று 'நல்லாயிருக்கு' என்னை ஒரு அடியும் நகர்த்தவில்லை. இந்த மனிதரின் ஒரு 'சரிவராது' எனக்கு நாலு வேலை தந்துவிட்டுப் போயிருந்தது.

இரண்டாவது, பெட்டியல்ல, தட்டைப் பலகை. சல்லடை போல முழுக்க ஓட்டைகள். எந்த ஓட்டையிலும் குத்தக்கூடிய நாலு மரமுளைகள். சட்டி பெரிதோ சிறிதோ, அதைச் சுற்றி முளையைக் குத்திக்கொள்ளலாம். அடியில் சறுக்காத றப்பர் விரிப்பு ஒட்டியிருந்தேன். ஆசிரியை அதைக் கண்டு திருப்தியாய்த் தலையை ஆட்டினார். அண்ணை கொண்டுபோனார். கொண்டுவந்தார்.

"முந்தியதைவிடத் திறம். ஆனா முளை சட்டியின்ரை காலைத்தான் பிடிக்குது. கவிழுறது தலை. மூடியையும் ஆர் பிடிக்கிறது?"

அன்றைக்கு அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். மனைவி போட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் காணாது பிள்ளை" என்றார். அவள் உள்ளே போய்ச் சிரிப்பது எனக்குக் கேட்டது. அப்போதுதான் துணிந்து கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கிறேல்லையோ? ஆக்கள் கோவிப்பினமெண்டு?"

அவர் குவளையைச் சுழற்றினார்.

"நாங்கள் அஜின்கோர்ட்டிலை சாப்பாட்டுக்கடை வைச்சிருந்தனாங்கள், தெரியுமோ? சின்னக்கடை. சமைக்கிறது ரெண்டு பேரும், குடுக்கிறது நான். வந்த சனமெல்லாம் நல்லாயிருக்கண்ணை, நல்லாயிருக்கண்ணை எண்டு சொல்லிப்போட்டுப் போகும். திரும்ப வராது. ஏனெண்டு எங்களுக்கு விளங்கேல்லை. ஒரு வருசம் தாக்குப்பிடிக்கேலாமல் பூட்டினம்."

"பிறகு?"

"பிறகு கனகாலம் கழிச்சு ஒரு தம்பியை பஸ்ஸிலை கண்டன். முந்திக் கடைக்கு வாற தம்பி. கதையோடை கதையாச் சொல்லுறான், அண்ணை, உங்கடை கறியிலை எப்பவும் உப்புக் கூட எண்டு. எனக்கும் மனிசிக்கும் உப்புக் கூடப் போட்டுத்தான் பழக்கம், எங்களுக்கு அது தெரியேல்லை. ஏனப்பு இதை அப்பவே சொல்லேல்லை எண்டு கேட்டன். எப்பிடிச் சொல்லுறது, நீங்கள் சிரிச்சுக்கொண்டெல்லே தருவியள் எண்டான்."

குவளையைக் கீழே வைத்தார். "ஒருத்தன். ஒரேயொருத்தன், உப்புக் கூட எண்டு சொல்லியிருந்தால் போதும்."

பரவாயில்லை என்று வாய்வரை வந்தது. நல்லகாலம், சொல்லவில்லை.

மூன்றாவது பலகையை நான் செய்யும்போது பள்ளிக்கூடம் முடியப்போகிற கடைசி வாரம். முளைகளை உயர்த்தி, மேல்முனையை உள்பக்கம் கொஞ்சம் சரித்தேன். மூடிக்கு மேலால் குறுக்கே இழுத்துக் கொழுவ ஒரு றப்பர் பட்டி. பலகைக்கு வெள்ளைப் பெயின்ற் பூசினேன், பார்வைக்கு வடிவாய் இருக்கட்டும் என்று. வெள்ளிக்கிழமை அண்ணையிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை ஆசிரியையிடம் பலகையை ஒப்படைக்கவேண்டும்.

சனிக்கிழமை கதவு தட்டப்படவில்லை. வழக்கமாய் இதற்குள் வந்திருப்பார். ஞாயிறு மத்தியானமும் வரவில்லை. நான் சாப்பாட்டு மேசைக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"குறை கூடிப்போச்சுதாக்கும். எழுதிக்கொண்டிருக்கிறார்" என்றாள் மனைவி.

"பகிடி விடாதை."

"போய்க் கேக்கிறதுதானே. உங்கடை பலகை."

பின்னேரம் போனேன். அவர்தான் திறந்தார். வீட்டுக்குள்ளிருந்து சொதி கொதிக்கும் மணம் வந்தது.

"என்ன தம்பி?"

"பலகை அண்ணை..."

"எந்தப் பலகை?"

"நாளைக்கு ரீச்சரிட்டைக் குடுக்கவேணும். ஏதும் குறை இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கோ, எழுதிப்போட்டுக் குடுக்கிறன்."

"குறை இருக்கு. நிறம். வெள்ளைக்கு மஞ்சள் பட்டால் போகாது. மண்ணிறம் பூசியிருக்கவேணும்."

"வேறை?"

அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். காதைச் சொறிந்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"வேறை ஒண்டுமில்லை" என்றார், ஏதோ தோற்றுப்போனவர் மாதிரி.

"அப்ப தாங்கோ அண்ணை, கொண்டு போறன்."

"தரேலாது. காருக்குள்ளை இருக்கட்டும். நாளைக்கு மனிசியின்ரை வேலையிடத்திலை ஒரு ஆளை வழியனுப்புகினம். சொதி போகுது."

சான்றிதழ், வேலை, எல்லாம் அவருடைய டிக்கிக்குள் கிடக்கிறது. வேறு யாருமாக இருந்தால், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அண்ணை, இது சரிவராது" என்றேன். "எனக்கு அது நாளைக்கு வேணும். இல்லாட்டி நான் பாஸ் பண்ணேலாது."

அவர் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவருடைய முகம் முழுக்க ஒரு சிரிப்பு விரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவர் சிரித்துக் கண்டதில்லை.

"அப்பிடிச் சொல்லும். எத்தினை மணிக்கு? பலகையைக் காரோடை கொண்டு வாறன்."

இப்போது அவர் எங்கள் கட்டடத்தில் இல்லை. மகள் வீட்டோடு ரெக்ஸ்டேல் பக்கம் போய்விட்டார். ஊருக்கு அந்தக் கோடி, ஆளை அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. நான் இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் வேலை செய்கிறேன். நிலம் துடைக்கும்போது, கதவு சரியாய் மூடாவிட்டால், மேசைக் கால் ஆடினால், முந்தி என்றால் பார்த்தும் பாராமல் போயிருப்பேன். இப்போது போய் அலுவலகத்தில் சொல்கிறேன். நாக்கு இன்னும் கொஞ்சம் தடுமாறும். சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அண்ணை கோட்டுப் போட்டு, தலையை இழுத்து வாரி, காருக்குப் பக்கத்தில் நின்றார். டிக்கியைத் திறந்தார். வெள்ளைப் பலகையில், நாலு முளைக்கு நடுவில், றப்பர் பட்டி குறுக்கே இழுத்தபடி, பெரிய சட்டி நிறையச் சொதி. துவாய் இல்லை. ஒரு துளி வெளியே இல்லை. ஆசிரியை குனிந்து பார்த்தார். பட்டியை இழுத்துப் பார்த்தார். சட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார். படம் எடுத்தார். நான் மூன்று பலகைகளின் குறைகளையும் எழுதிவைத்த தாள்களை வாங்கி, காரின் மேல் வைத்து அங்கேயே வாசித்தார். வாசிக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து, நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் அண்ணையிடம் திரும்பி, இதில் என்ன குறை என்று கேட்டார்.

"கலர்" என்றார் அண்ணை.

வேறு?

"நோ."

ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். இதற்குமேல் எனக்குச் சாட்சி தேவையில்லை, நீங்கள் பாஸ் என்று சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். பலகையைப் பள்ளிக்கூடத்தில் பார்வைக்கு வைக்க விருப்பம், பிறகு கொடுத்துவிடுகிறேன் என்று அவர் கேட்டபோது, அண்ணை டிக்கியைப் படாரென்று மூடினார்.

"நோ றிட்டேன்" என்றார்.

ஏறிக் காரைக் கிளப்பினார். கார் நிறுத்துமிடத்தின் வாசலில் ஒரு இறுக்கமான வளைவு இருக்கிறது. எல்லாரும் அதில் மெல்லத்தான் போவார்கள். அவர் வேண்டுமென்றே வேகமாய் எடுத்தார். டயர் கீச்சிட்டது. வளைவுக்கு அந்தப் பக்கத்தில் கார் நின்றது. அவர் இறங்கினார், டிக்கியைத் திறந்தார், குனிந்து பார்த்தார். நானும் ஆசிரியையும் எட்டி எட்டிப் பார்த்தோம்.

துடைக்க ஒன்றும் தேடாமல் டிக்கியை மூடிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பியும் பாராமல் ஏறிப் போய்விட்டார்.